கிளப் கூட்டத்தில் ஒரு கேள்வி

நேற்று சுங்கை சிப்புட்டில் எங்கள் சேவைக் கிளப் கூட்டம். தோட்டங்களில் சேர்த்த பழைய மூக்குக்கண்ணாடி ஒரு பெட்டி, அடுத்த மாதம் இரத்த தானம். சரி, வழக்கமானதுதான். பேச வந்த ஓய்வுபெற்ற நூலகர் அம்மாதான் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தார்.

அமெரிக்காவில் பெற்றோர் புகார் கொடுத்தே பள்ளி நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுக்க வைக்கிறார்களாம். அதை எதிர்த்து 1982 முதல் தடை நூல் வாரம் நடக்கிறது. இங்கே மலேசியாவில் 1984 அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சரே தடை போடலாம்.

பின்வரிசை அண்ணன் ஒருவர், "இண்டர்லோக்கை எடுக்கச் சொல்லி நாமதானேம்மா கத்தினோம்?" என்றார். இந்தியர்களை இழிவாகக் காட்டுகிறது என்று நம்மவர்கள் எதிர்த்த, பள்ளிப் பாடமாக இருந்த மலாய் நாவல் அது. மண்டபமே கப்சிப்.

"2011-இல் அதைப் பாடத்திட்டத்திலிருந்துதான் எடுத்தார்கள். அலமாரியில் வைப்பது வேறு, பரீட்சைக்குக் கட்டாயமாக்குவது வேறு" என்றார் அம்மா.

எனக்கு அது சரியாகவே பட்டது. அண்ணனுக்குப் படவில்லை, வடைத் தட்டோடு போய் மறுபடி ஆரம்பித்துவிட்டார்.