சுவத்துல தொங்குன சர்டிபிகேட்டை நம்பி ஏமாறப் பாத்தேன்

எங்க பெரியம்மாவுக்கு 78 வயசு, பிள்ளைகுட்டி கிடையாது, தங்கச்சிமடத்துல தனியா இருந்தாங்க. போன மழையில வழுக்கி விழுந்து இடுப்புல அடி, அதுலருந்து எழுப்பி உக்கார வைக்கவே ஒரு ஆள் வேணும்னு ஆயிருச்சு, நானும் வீட்டுக்காரியும் வேலைக்கு போறவங்க, சரி காசு கட்டிப் பாத்துக்கிற முதியோர் ஹோம்ல சேப்போம்னு ராம்நாடு போற ரோட்டுல ஒண்ணைப் போய் பாத்தேன்.

இடம் நல்லாத்தான் இருந்துச்சு, கடக்காத்து, வெளுத்த பெட்ஷீட்டு. பதிவு இருக்காண்ணேன்னு கேட்டதுக்கு மேனேஜர் சுவத்துல பிரேம் போட்டு மாட்டுனதை காட்டுனாரு, பெரிய சீலெல்லாம் இருக்கு. கிட்ட போய் படிச்சா டிரஸ்ட் பத்திரம் பதிஞ்ச பேப்பர்! ஹோமுக்கான பதிவே இல்ல. கேட்டா "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி"ங்கிறாரு.

மனசு ஒப்பல. 14567னு முதியோர் உதவி எண் இருக்குல்ல, அதுக்கு அடிச்சேன், சமூகநலத்துறையில கேளுங்கன்னாங்க, மறுநாள் லீவு போட்டுட்டு கலெக்டர் ஆபீஸ் போனேன். அங்க ஒரு மேடம் பொறுமையா சொன்னாங்க. 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்துக்கு கீழ தனியார் ஹோமும் பதியணுமாம். அதுக்கு தாசில்தார் குடுக்கிற கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்றெல்லாம் வேணுமாம், டிரஸ்ட் பேப்பர் மட்டும் இருந்தா அது ஹோம் பதிவு ஆகாதாம்.

தீயணைப்புன்னதும் எனக்கு ஏர்வாடி ஞாபகம் வந்துருச்சு. 2001 ஆகஸ்ட் 6, மனநல இல்லத்துக் கொட்டகை பத்திக்கிச்சு, சங்கிலில கட்டிக் கிடந்த 28 பேர் செத்துப் போனாங்க. நம்ம ஊரு கடலோரத்துல நடந்தது, எப்படி மறக்கும்.

அதனால ரெண்டாவது ஹோம்ல நான் சோறு, ரூமு எதையும் கேக்கல, ராத்திரி வாசக் கேட் சாவி யார்ட்ட இருக்கும்னுதான் முதல்ல கேட்டேன். வாட்ச்மேன் இடுப்புக் கயித்துல இருந்து எடுத்துக் காட்டுனாரு, இன்னொரு செட்டு நர்ஸ் மேசை டிராயர்ல. பதிவுச் சான்று சரியா இருந்துச்சு, ஆனா தீயணைப்புச் சான்று ரெண்டு மாசம் முன்னாடியே முடிஞ்சிருந்தது, ரெனிவலுக்கு கட்டுன ரசீதை நீட்டுனாங்க. ரசீதை வச்சு என்ன பண்ண, புதுசு வரட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன். மூணு வாரம் இழுத்துச்சு, அதுவரைக்கும் நானும் அவளும் மாத்தி மாத்தி லீவு, பெரியம்மா வேற "என்னைத் தள்ளிவிடத்தானே அலையிற"ன்னு ஒரே பேச்சு.

புதுச் சான்று நகலை வாங்கி பைல்ல வச்சப்புறம்தான் சேத்தேன். இப்ப அவங்களுக்கு இருக்கிற ஒரே குறை, அங்க கருவாடு போட மாட்டேங்கிறாங்களாம்.