முப்பது கெஜத்தில் எல்க்

இழுத்த வில்லை விடாமல் அப்படியே நின்றார் நண்பர். அமெரிக்காவின் கொலராடோ மலைக்காடு, செப்டம்பர் காலை. முப்பது கெஜத்தில் ஓர் ஆண் எல்க் மான், நேராக எங்களையே பார்த்தபடி.

அவர் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. அம்பு போகவில்லை. மான் போய்விட்டது.

இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பெரிய உடம்பு. ஏன் விடவில்லை?

அப்புறம்தான் சொன்னார். எதிரே பார்த்து நிற்கும் மானுக்கு நெஞ்செலும்பும் தோள் எலும்பும் கவசம். அம்பு பட்டால் ரத்தம் போய்த்தான் சாகும். இரண்டு நுரையீரலும் துளைபட்டால் சீக்கிரம் விழும். குடலில் பட்டால் மணிக்கணக்கில் அவதி. அதனால் அது பக்கவாட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் நமக்கு அப்பால் லேசாகத் திரும்பியிருக்க வேண்டும். நம் பக்கத்து முன்னங்காலை முன்னே வைத்திருந்தால் இன்னும் நல்லது.

போதாக்குறைக்கு அது உஷாராகிவிட்டது. ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும். கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லின் அம்பு 300 அடியை ஒட்டித்தான். நாண் சத்தம் கேட்டு அது உடம்பைத் தாழ்த்திவிட்டால், குறி வைத்த இடம் அங்கே இருக்காது.

வேட்டை எனக்கு ஒப்பாத விஷயம். (ஞாயிற்றுக்கிழமை மட்டனுக்கு இந்தக் கொள்கை பொருந்தாது.) ஆனால் உரிமம், சீசன் எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது, அந்த நொடியில் விரலைத் தடுக்க அங்கே எந்த அதிகாரியும் இல்லை. அவராகத்தான் நிறுத்தினார்.

அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டிருக்கிறார். அதிகாலை மூன்று மணிக்கு எழுப்புவதைத்தான் மன்னிக்க முடியவில்லை.