ஒரு வரிக்காக ஒரு வாரம்

ஜூன் 3
கமிட்டில பேசி முடிவாச்சு, எங்க மாலை வகுப்புக்கு ஒரு மிஷன் ஸ்டேட்மென்ட் வேணும், அதாவது நாங்க எதுக்காக இருக்கோம்னு ஒரே வரில சொல்றது, எழுதுற வேலை என் தலையில. ராத்திரி டிரஸ்ட் பத்திரத்தை எடுத்துப் பார்த்தா ‘நோக்கங்கள்’னு 14 இருக்கு, கல்வி, மருத்துவம், மரம் நடுறது, முதியோர் நலன்னு போய்ட்டே இருக்கு. பின்னாடி எதுவும் விட்டுப்போகக் கூடாதுன்னு போட்டிருக்காங்க, பத்திரத்துக்கு அது சரிதான். ஆனா நாங்க செய்யறது ஒண்ணே ஒண்ணு, எழுத்துக் கூட்டத் திணறுற புள்ளைங்கள உக்கார வச்சு வாசிக்க வைக்கிறது.

ஜூன் 5
‘தரமான கல்வியின் மூலம் குழந்தைகளை மேம்படுத்தி சமுதாய மாற்றத்தை உருவாக்குதல்.’ எழுதினப்ப நல்லாத்தான் இருந்துச்சு. வகுப்பு எடுக்கிற அக்கா படிச்சுட்டு, “இதை எந்த ஸ்கூல் போர்டுலயும் எழுதலாமே தம்பி, இதுல நம்ம புள்ளைங்க எங்க இருக்கு?”ன்னாங்க. பதில் இல்ல.

ஜூன் 8
அம்மாவோட கண்ணுக்காக மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி போனேன். 1976ல டாக்டர் ஜி.வெங்கடசாமி அரசு வேலைல ரிட்டயர் ஆனப்புறம் 11 படுக்கையோட ஆரம்பிச்சது, குறிக்கோள் தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிக்கிறது. அந்த ‘தேவையில்லாத’தான் என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு. கண்புரை ஆபரேஷன் பண்ணா பார்வை வந்துரும், காசு இல்ல, கூட்டிட்டு வர ஆள் இல்லன்னு ஒருத்தர் இருட்டுல கிடக்கறதுதான் தேவையில்லாதது, அப்படிப் பார்த்தா அடுத்து என்ன செய்யணும்னு அந்த வார்த்தையே சொல்லிருது, ஊர் ஊரா கேம்ப் போடணும், ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைக்குக் கட்டாதுன்னா நாமளே செய்யணும். 1992ல லென்ஸ் செய்யறதுக்குன்னு அவங்களோட ஆரோலேப் வந்தது அதுக்குத்தான். பஸ்ல வர்றப்ப டிக்கெட் பின்னாடியே எழுத ஆரம்பிச்சுட்டேன்.

ஜூன் 10
‘நம்ம ஊர்ப் புள்ளை ஒண்ணு கூட வாசிக்கத் தெரியாம ஆறாங்கிளாஸ் போகக் கூடாது.’
பொருளாளர் அண்ணன் தயங்கினாரு, இவ்வளவு சின்னதா சொன்னா நன்கொடை வருமான்னு. வருஷக் கடைசில அஞ்சாங்கிளாஸ் புள்ளைங்கள வாசிக்கச் சொல்லி எண்ணிப் பாத்துரலாம்ணே, கொடுத்தவங்களுக்குக் கணக்கா காட்டலாம்னேன். தையல் மெஷின் தர்றேன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு, அவருக்கு வேற இடம் சொல்லிவிடுறதா முடிவு.

ஜூன் 11
கரும்பலகைல எழுதி வச்சேன். நாலாங்கிளாஸ் பையன் ஒருத்தன் விரலை வச்சு வாசிச்சான், ‘தெரியாம’ல நின்னுட்டான். நாங்க யாரும் எடுத்துக்கொடுக்கல. தெ, ரி, யா, ம. கூட்டிட்டு, மறுபடி முதல்ல இருந்து ஒரே மூச்சுல வாசிச்சான்.