கடைசி வருடத்து சி

டிசம்பர் 21, 2024, சனி

அக்கா மகள் இன்று காலை வந்து சேர்ந்தாள். கார் வாலாஜாவைத் தாண்டியதுமே போன். "சித்தி, ஆயாகிட்ட கத்தரிக்காய் வேணும்னு சொல்லுங்க." அம்மா நேற்றே இலவம்பாடி முள் கத்தரிக்காய் ஒரு கிலோ வாங்கி வைத்துவிட்டாள். பேத்திக்கு அது பிடிக்கும் என்று யாரும் அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

நியூ ஜெர்சியில் பி.எஸ். உயிரியல், நாலாவது வருடம். அங்கே பிளஸ் டூ முடித்த கையோடு பல் மருத்துவம் சேர முடியாது. முதலில் ஒரு டிகிரி, நடுவில் டி.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு, பிறகுதான் நாலு வருடம் பல் மருத்துவக் கல்லூரி. போன ஜூனிலேயே விண்ணப்பித்துவிட்டாள். இந்த மாதம் ஒரு கல்லூரி இடம் தந்திருக்கிறது, இரண்டு கல்லூரிகள் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வீடே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 23, திங்கள்

இரவு பதினொரு மணிக்கு மாடியில் இருந்து இறங்கி வந்தாள். கையில் லேப்டாப், முகத்தில் ரத்தம் இல்லை. இந்த செமஸ்டர் கிரேடு வந்துவிட்டது. இயற்பியல் இரண்டாம் பகுதியில் சி. மற்றதெல்லாம் ஏ.

"இடம் போயிடுமா சித்தி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பால் காய்ச்சிக் கொடுத்துத் தூங்கச் சொன்னேன். அவள் தூங்கவில்லை என்பது மாடிப்படி விளக்கிலேயே தெரிந்தது.

டிசம்பர் 24, செவ்வாய்

அரையாண்டு விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். விண்ணப்பத்தை முதலில் இருந்து சொல்லச் சொன்னேன்.

ஆட்சாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு அதன் வழியாகத்தான் போக வேண்டும். படித்த ஒவ்வொரு பாடத்தையும், எத்தனை கிரெடிட் (அந்தப் பாடத்துக்கான எடை), என்ன கிரேடு என்று வரிசையாகப் பதிய வேண்டும். ஒரு பாடத்தைத் திரும்ப எழுதி நல்ல கிரேடு வாங்கினாலும் பழையது அழியாது, இரண்டையும் கணக்கில் சேர்ப்பார்கள். அறிவியல் பாடங்களுக்குத் தனியாக ஒரு சராசரியும் உண்டு. ஜூனில் அனுப்பும்போது கடைசி வருடத்துக்குக் கிரேடே கிடையாது. எடுக்கப்போகும் பாடங்களின் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறாள். ஆக, நேர்காணலுக்குக் கூப்பிட்டவர்கள் பார்த்தது மூன்று வருடத்து மதிப்பெண்.

ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மூன்று வருடத்தில் 90 கிரெடிட், சராசரி 3.60. பெருக்கினால் 324. இந்த செமஸ்டர் 15 கிரெடிட். இயற்பியலுக்கு 4 கிரெடிட், சி என்றால் 2 புள்ளி, ஆக 8. மீதி 11 கிரெடிட்டும் ஏ, ஏ என்றால் 4 புள்ளி, ஆக 44. மொத்தம் 376. அதை 105ஆல் வகுத்தால் 3.58.

"அவ்வளவுதானா?" என்றாள். தாளை வாங்கி அவளே ஒருமுறை போட்டுப் பார்த்தாள். அதே 3.58.

முன்னால் மூன்று வருடம் மலை மாதிரி நிற்கும்போது ஒரு பாடம் சராசரியை அசைக்காது. அப்படியே நன்றாக எழுதினாலும் தூக்கிவிடாது. முதல் இரண்டு வருடத்தில் சறுக்கியவர்கள் கடைசி வருடத்தை நம்பி உட்கார்ந்தால் கணக்கு கைகொடுக்காது என்பதும் இதிலேயே தெரிகிறது.

டிசம்பர் 27, வெள்ளி

அன்றைய கணக்கில் ஒன்று விட்டுப்போனது. இயற்பியல் முன்தேவைப் பாடம். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாம் ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும். பல கல்லூரிகள் உயிர்வேதியியலும் கேட்கின்றன. இவற்றில் சி-க்குக் கீழே போகக் கூடாது என்று பல இடங்களில் விதி. அவளுக்கு வந்த கடிதத்தை வாங்கி வரிவரியாகப் படித்தேன். மூன்று நிபந்தனைகள்: முன்தேவைப் பாடங்கள் எல்லாவற்றிலும் சி அல்லது அதற்கு மேல். டிகிரியை முடிக்க வேண்டும். முடித்த பிறகு இறுதி மதிப்பெண் சான்றை அனுப்ப வேண்டும். சி சரியாக வாசற்படியில் நிற்கிறது. சி மைனஸ் வந்திருந்தால் கோடையில் திரும்பப் படிக்க வேண்டி வந்திருக்கும்.

காத்திருப்புப் பட்டியல் வேறு கதை. குளிர்காலத்தில் ஆட்சாஸ் ஒரு கால இடைவெளி கொடுக்கிறது, புதிதாக வந்த கிரேடுகளை அதில் ஏற்றலாம். அவள் ஏற்றினால் அந்த இரண்டு கல்லூரிகளும் சி-யைப் பார்க்கும். அங்கே இன்னும் முடிவெடுக்கவில்லை, அதனால் அங்கே கடைசி வருடம் தராசில் ஏறும். இடம் தந்த கல்லூரியில் அது பூட்டுக்குச் சாவி மாதிரி. ஒரே எழுத்துக்கு இரண்டு வேலை.

நான் 2003இல் பள்ளி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. 2007இல் அது போய், பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம் என்றானது. உயிரியல் 200ஐ நூறாக்கி, இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாக்கி, 200க்குக் கட் ஆஃப். அரை மார்க்கில் பி.டி.எஸ். இடம் தவறிய பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுததை மறக்கவில்லை. 2017இல் நீட் வந்தது. அதே மார்க் ஷீட் இப்போது தகுதிக் கோடு மட்டும். இயற்பியல், வேதியியல், உயிரியலில் பொதுப் பிரிவுக்குச் சேர்த்து 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40. அதற்கு மேல் 60 என்றாலும் 99 என்றாலும் ரேங்க் ஒன்றுதான் பேசும். நான் திருத்தும் மதிப்பெண் என் கண் முன்னாலேயே எடை இழந்தது. இவள் ஊரிலோ ஒவ்வொரு செமஸ்டரும் பேசுகிறது. பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

டிசம்பர் 30, திங்கள்

அம்மாவின் பல் செட் ராத்திரியில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரில் கிடக்கும். இன்று அக்கா மகள் அதை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் உள்பக்கமெல்லாம் தேய்த்துக் கழுவினாள். "காய விடக் கூடாது ஆயா, காய்ஞ்சா வளைஞ்சிடும்." அப்புறம் போன் வெளிச்சத்தில் அம்மாவின் வாயைப் பார்த்தாள். கீழ் ஈறில், இடது பக்கம், அரிசி அளவுக்குச் சிவந்த புண். செட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். "இங்கதான் குத்துது."

அம்மா மூன்று மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. நான் தினமும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

ஜனவரி 7, 2025, செவ்வாய்

இடம் தந்த கல்லூரிக்கு அனுப்பும் கடிதத்தை நாலு முறை எழுதி அழித்தோம். மன்னிப்பும் வேண்டாம், சாக்கும் வேண்டாம் என்றேன். கடைசியில் ஐந்தே வரி: இயற்பியலில் சி வந்திருக்கிறது, உங்கள் நிபந்தனைக்குள் இருப்பதாகப் புரிந்துகொள்கிறேன், வசந்த செமஸ்டரில் உயிர்வேதியியல் உட்பட விண்ணப்பத்தில் சொன்ன பாடங்களை எடுக்கிறேன், வேறு ஏதாவது செய்ய வேண்டுமா.

நேற்று இரவு பதில் வந்தது. சி போதும். தெரிவித்ததற்கு நன்றி. சொன்ன பாடங்களில் ஏதாவது மாற்றினால் முன்கூட்டியே சொல்லவும். மூன்று வரி. இந்த மூன்று வரிக்காக ஒரு பெண் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்கே எழுதியிருக்கலாம்.

இன்று கிளம்பினாள். அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகும்படி மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

ஜனவரி 12, ஞாயிறு

அம்மாவை நேற்று கூட்டிப் போனேன். செட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தார்கள். இருபது நிமிட வேலை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பழைய மாணவி ஒருத்தி வந்தாள். 2018இல் நீட் எழுதி பி.டி.எஸ். சேர்ந்தவள், இப்போது குடியாத்தத்தில் ஒரு கிளினிக்கில் வேலை. கணவருக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வருடம் இவளும் போகிறாள். அங்கே பி.டி.எஸ். மட்டும் வைத்துக்கொண்டு ஊசி கூடப் போட முடியாது. வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களுக்கென்று இரண்டு, மூன்று வருடப் படிப்பு தனியாக இருக்கிறது. அதற்குக் கேப்பிட் என்ற இன்னொரு விண்ணப்பத் தளம். பெரும்பாலான இடங்களில் ஐ.என்.பி.டி.இ. என்ற அந்த நாட்டுப் பல் மருத்துவத் தேர்வில் தேர்ச்சி கேட்கிறார்கள், டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வும் கேட்கிறார்கள். பி.டி.எஸ். மதிப்பெண் பட்டியலை ஒரு மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் ஒவ்வொரு பாடத்தையும் அமெரிக்க கிரேடாக மாற்றித் தருவார்கள்.

மதிப்பெண் பட்டியல்களை மேஜையில் வரிசையாக வைத்தாள். முதல் வருடம் உடற்கூறியலில் 70க்கு மேல். கடைசி வருடம் எட்டு பாடம். பல் சீரமைப்பு, ஈறு நோய், செயற்கைப் பல், வாய் அறுவை எல்லாம் அதில்தான். பாதிக்கு மேல் 50, 52, 51.

"எம்.டி.எஸ்.க்கு யாரும் மார்க் பாக்க மாட்டாங்க, நீட் எம்.டி.எஸ். ரேங்க்தான், பாஸ் பண்ணா போதும்னு சீனியர்ங்க சொன்னாங்க மிஸ்."

சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. இங்கே எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பில் சேர அந்தக் கணக்கு சரிதான். பி.டி.எஸ். தேர்ச்சியும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் இருந்தால் மிச்சத்தை ரேங்க் பார்த்துக்கொள்ளும். ஆனால் இருபத்திரண்டு வயதில் எந்த வாசலில் போய் நிற்போம் என்று யாருக்குத் தெரியும்? அந்த எட்டுப் பாடங்கள்தான் அவள் தினமும் நோயாளியின் வாயில் செய்யும் வேலை. பட்டியலைப் பார்க்கிறவன் அதைத்தான் முதலில் பார்ப்பான்.

அவளுக்குத் தெம்பு சொல்லி அனுப்பினேன். ஐ.என்.பி.டி.இ.யை முதலில் எழுதச் சொன்னேன், கிளினிக் அனுபவத்துக்குக் கடிதம் வாங்கி வைக்கச் சொன்னேன். அதெல்லாம் உதவும். 50 என்று அச்சடித்ததை மட்டும் யாராலும் மாற்ற முடியாது. அவள் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் வீடியோ கால். உயிர்வேதியியல் இடைப்பருவத் தேர்வில் 61. பாடத்தை விட்டுவிடப் போகிறேன் என்றாள். விட்டால் பட்டியலில் கிரேடுக்குப் பதில் டபிள்யூ என்று மட்டும் வருமாம். தோழிகள் எல்லோரும் சொல்கிறார்களாம்: இடம்தான் கிடைத்தாச்சே, கடைசி செமஸ்டர், யார் கேட்கப் போகிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஜனவரியில் வந்த மூன்று வரியை எடுத்து வாசிக்கச் சொன்னேன். சத்தமாக. வாசித்தாள். இடம் கிடைத்தாச்சு என்பது பாதி உண்மை, சொன்னபடி முடித்தால்தான் அது உன் இடம் என்றேன். அதோடு, பல் மருத்துவக் கல்லூரி முதல் வருடத்தில் மறுபடியும் இந்த உயிர்வேதியியல்தானே வரப்போகிறது?

பேசாமல் இருந்தாள். அப்புறம், "சரி சித்தி. டியூட்டர் பாக்கறேன்." வைத்துவிட்டாள். அக்கா சாயங்காலம் கூப்பிட்டு, பிள்ளையை ஏன் அழ வைத்தாய் என்று என்னிடம் சண்டை.

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். காலையில் இருந்து போன் ஓயவில்லை. என் வகுப்பில் எல்லோரும் பாஸ். உயிரியலில் 98 வாங்கிய பிள்ளை, "ஞாயித்துக்கிழமை நீட் சரியா பண்ணல மிஸ், இதுக்கு மதிப்பு இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். எங்கே என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் பி.எஸ்சி. நர்சிங், வேளாண்மை, அரசு கலைக் கல்லூரி என்று சொல்லியிருப்பேன், அங்கெல்லாம் இந்த 98தான் பேசும். நாளை அவளை வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும்.

வெளியே அக்னி நட்சத்திரம். கோட்டை அகழிப் பக்கம் போனால்கூட அனல்.

மே 22, வியாழன்

உயிர்வேதியியல் பி. மற்றவை ஏ இரண்டு, பி பிளஸ் ஒன்று. காத்திருப்புப் பட்டியலில் வைத்த இரண்டு கல்லூரிகளில் ஒன்று இல்லை என்றுவிட்டது, மற்றதில் இருந்து சத்தமில்லை. சி-தான் காரணமா என்று கேட்டாள். அவர்கள் காரணம் சொல்வதில்லை. நானும் இல்லை என்று பொய் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

டிகிரி ஏறிய இறுதிச் சான்று கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நிபந்தனைகள் மூன்றுக்கும் எதிரில் பச்சை டிக், ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள், இங்கிலீஷ் புரியவில்லை, மூன்று டிக்கையும் விரல் வைத்து எண்ணினாள். பிறகு போனை என்னிடம் இருந்து வாங்கி வீடியோ காலில் பேத்தியைக் கூப்பிட்டு, செட்டைக் கழற்றி வாயைத் திறந்து, புண் ஆறிய இடத்தைக் காட்டினாள்.