பிளேஸ்டேஷன் 3-இல் ஒரு செட்டிநாட்டுக் கல்யாண வீடியோ

எங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் படம்பிடித்தவர் 4கே தரத்தில், எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில், நிறப் படிகள் நுணுக்கமான 10 பிட் நிறத்தில், நொடிக்கு 50 ஃபிரேம் வீதம் பதிந்து ஹார்ட் டிஸ்கில் தந்திருந்தார். ஐயாவும் ஆயாவும் வீட்டில் படம் பார்ப்பதோ டிவியோடு இணைந்திருக்கும் பழைய பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவி வழியாகத்தான். புதுப் பெட்டி வாங்கலாம் என்றால், "பழகுனது இருக்கையில புதுசு என்னத்துக்குப்பா?" என்கிறார் ஆயா. அவர் சொல்வது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. ஆகவே பெட்டியை மாற்றாமல் வீடியோவை மாற்றினேன்.

பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தது 2006-இல், எச்.265 தரநிலையாக வந்தது 2013-இல். அந்தக் கருவிக்கு அது தெரியாத மொழி. 2003-இல் வந்த எச்.264 வீடியோவை, 8 பிட் நிறத்தில், ஹை புரொஃபைல், லெவல் 4.1 என்ற வரம்புக்குள் கொடுத்தால் 1080 வரித் தரம் வரை தடங்கலின்றி ஓட்டும். ஒலி ஏஏசி-யாகவும், கோப்பு எம்பி4 ஆகவும் இருப்பது நல்லது. எம்கேவி கோப்பை அது திறக்காது. ஆனால் உள்ளே இருப்பது பொருத்தமான எச்.264 என்றால் மறுபடி என்கோட் செய்ய, அதாவது வீடியோவைப் புதிதாகச் சுருக்கி எழுத, தேவையே இல்லை. பலகாரத்தை ஒரு தூக்கிலிருந்து இன்னொரு தூக்குக்கு மாற்றுவதுபோல எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் மூலம் எம்பி4-க்கு மாற்றிவிடலாம். சில நிமிட வேலை, தரம் துளியும் குறையாது. பழைய கேம்கார்டரின் ஏவிசிஎச்டி கோப்புகளைத் தொடவே வேண்டாம், அவை அப்படியே ஓடும்.

என்கோட் செய்தே தீர வேண்டிய இந்த வீடியோவில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வளவுக்குள் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) எடுத்த இருண்ட காட்சிகள்தான். குத்துவிளக்கின் ஒளி வழவழப்பான வெள்ளைச் சுவரில் மெல்ல மெல்ல மங்கி நிழலோடு கலக்கும் இடத்தில் 10 பிட் நிறம் 8 பிட்டுக்கு இறங்கும்போது, அந்த மங்கல் ஒரே சீராக இல்லாமல், வட்ட வட்டமாகப் பட்டை விழுந்து தெரியும். நான் என்கோட் செய்யப் பயன்படுத்திய ஹேண்ட்பிரேக் மென்பொருளின் இயல்பான அமைப்பு இருட்டில் பிட்களை மிச்சம் பிடிப்பதால் பட்டைகள் இன்னும் தடிக்கின்றன. அதற்குள் எச்.264 வீடியோவை உருவாக்கும் எக்ஸ்264-இன் கூடுதல் அமைப்புகளில் ஏக்யூ-மோட் என்பதை 3 என வைத்தால், இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் பிட்கள் ஒதுக்கப்படுகின்றன. அத்துடன் தர எண்ணை 20-இலிருந்து 18-க்குக் குறைத்தபோது (எண் குறையக் குறையத் தரம் கூடும்) சுவர் மறுபடி சுவராகத் தெரிந்தது. ஆத்தங்குடித் தரையின் பூவேலை இதற்கு நேர்மாறான சோதனை: கேமரா நகரும்போது அந்தக் கோடுகள் கலங்காமல் நின்றால் பிட்ரேட் (நொடிக்கு ஒதுக்கும் பிட்களின் அளவு) போதும் என்று நம்பலாம். கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாமல், இருட்டுக் காட்சி ஒன்று, தரைக் காட்சி ஒன்று என அரை நிமிடத் துண்டுகளை முதலில் என்கோட் செய்து, அந்த டிவியிலேயே, அந்தப் பெட்டியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். முழு வீடியோவும் கணினியை மணிக்கணக்கில் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்ப்பது வீண் செலவு.

லெவல் 4.1-இல் 1080 வரிக்கு நொடிக்கு 30 ஃபிரேம்தான் எல்லை. 50-ஐ 30 ஆக்கினால் ஓட்டம் தத்தித் தத்திப் போகும், 25 ஆக்கினால் சரிபாதி. இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுவதற்கும் திருப்பூட்டுவதற்கும் (தாலி கட்டுவதற்கும்) 1080 வரியில் 25 ஃபிரேம் தாராளம். கழுத்திரு என்ற தாலி நகையின் உருப்படிகள் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிவதே அங்கே முக்கியம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தை மட்டும் 720 வரியாகக் குறைத்து 50 ஃபிரேமையும் வைத்துக்கொண்டேன். தவில்காரர் கைவிரல்களின் வேகம் அதில்தான் உயிரோடு வருகிறது. அதே லெவல் வரம்பின்படி, ரெஃபரன்ஸ் ஃபிரேம்கள் (ஒரு ஃபிரேமை உருவாக்க ஒப்பிட்டுப் பார்க்கும் மற்ற ஃபிரேம்கள்) 1080 வரியில் 4-ஐத் தாண்டக் கூடாது.

பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தால்தான் பிளேஸ்டேஷன் 3 படிக்கும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தாண்ட முடியாது. சராசரி நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏறத்தாழ 57 நிமிடத்திலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. கண்ட இடத்தில் வெட்டாமல் சடங்குக்கு ஒரு கோப்பாகப் பிரித்தேன். இது கட்டாயத்தால் வந்த ஏற்பாடுதான், ஆனாலும் தேடிப் பார்ப்பதற்கு முழு நீள வீடியோவைவிட இதுவே வசதி. கோப்புகளை 'வீடியோ' என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயரிட்ட ஃபோல்டருக்குள் வைத்தால் மெனுவில் தானாகவே வரும். வேறு இடத்தில் இருந்தால், பென்டிரைவின் மேல் நின்று முக்கோணப் பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் காட்டும்படி தேர்ந்தெடுக்க வேண்டும்.