251 ரூபாய் போன்: ஒரு சர்வீஸ் கடைக்காரனின் நாட்குறிப்பு

17-02-2016, புதன்

பேப்பரில் பெரிய விளம்பரம். ‘ஃப்ரீடம் 251’. ஸ்மார்ட்போன் விலை 251 ரூபாயாம். நான்கு அங்குலத் திரை, 1 ஜிபி ராம், 8 ஜிபி மெமரி, 1450 எம்ஏஎச் பேட்டரி. நொய்டாவில் சில மாதங்களுக்கு முன் தொடங்கிய ‘ரிங்கிங் பெல்ஸ்’ என்ற கம்பெனி. முதலாளி மோஹித் கோயல். உத்தரப் பிரதேசத்தின் ஷாம்லி பக்கத்துக்காரர், மளிகைக் கடைக்காரர் மகன்.

சென்னை ரிச்சி தெருவில் பதினாறு வருடமாகப் போனைப் பிரித்துப் பூட்டுகிறவன் நான். அந்த அளவுத் திரையை மட்டும் கேட்டு 251 ரூபாயை நீட்டினால், கடைக்காரர் பரிதாபப்பட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

18-02-2016

விடிந்ததும் ஆறு மணிக்கு முன்பதிவு. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது: நானும் உட்கார்ந்தேன். “நேற்று ராத்திரிதானே ஏமாற்று வேலை என்றீர்கள்?” என்றாள் வீட்டுக்காரி. போன் வந்தால் பிரித்துப் பார்க்கலாமே என்று சமாளித்தேன். தளம் திறக்கவே இல்லை. நொடிக்கு ஆறு லட்சம் பேர் மொய்த்தார்கள் என்று கம்பெனி சொல்கிறது.

கடையில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த போனைச் சரிசெய்யக் கொடுத்திருந்த ஒரு பெரியவர், “தம்பி, இதற்கு நீங்கள் கேட்கிற கூலிக்கு அதில் இரண்டு வாங்கலாமே” என்றார். என்ன பதில் சொல்வது?

25-02-2016

அறிமுக விழாவில் நிருபர்களுக்குக் கொடுத்த மாதிரி போன், ஆட்காம் கம்பெனியின் ‘ஐகான் 4’. முன்பக்கப் பெயரை ஒயிட்னரால் மறைத்திருக்கிறார்கள்! சுரண்டினால் பழைய பெயர் தெரிகிறது. எங்கள் தெருவில் பழைய போனைப் புதிதென்று விற்கிற பையன்கூட இதைவிட நேர்த்தியாகச் செய்வான். ஆட்காம்காரர்கள், ஒன்று 3,600 ரூபாய்க்குக் கொடுத்தோம் என்கிறார்கள்.

விளம்பரத்தில் பெயர் போட்டிருந்த பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் விழாவுக்கு வரவில்லை. பாஜகவின் முரளி மனோகர் ஜோஷி வந்தார்.

05-03-2016

முதல் நாள் பணம் கட்டிய முப்பதாயிரம் பேருக்குத் திருப்பித் தருகிறார்களாம். பதிவு செய்தவர்கள் ஏழு கோடிக்கு மேல் என்று கம்பெனியின் கணக்கு. டெலிவரி 40 சேர்த்து ஆளுக்கு 291 ரூபாய் என்று கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தேன். இரண்டாயிரம் கோடியைத் தாண்டியது. இரண்டு முறை சரிபார்த்தேன்.

10-07-2016

ஐயாயிரம் போன் தயார், குலுக்கலில் தருகிறோம் என்கிறார் கோயல். போனுக்கு 140, 150 ரூபாய் நஷ்டமாம். அரசு ஐம்பதாயிரம் கோடி கொடுத்தால் நாட்டில் எல்லோருக்கும் போன் தரலாம் என்று பிரதமருக்கே எழுதியிருக்கிறார். கூடவே 9,900 ரூபாய்க்கு டிவி வேறு. துணிச்சலில் குறை சொல்ல முடியாது.

24-02-2017

காஜியாபாத் போலீஸ் கோயலைப் பிடித்துவிட்டது. புகார் செய்தது போன் கேட்டு ஏமாந்த பொதுஜனம் இல்லை, விநியோகஸ்தர் ஒருவர். 16 லட்ச ரூபாய் போயிற்று என்கிறார். எனக்கு இதுதான் உறைத்தது. 251 ரூபாய்க்காக யார் கோர்ட் படி ஏறுவார்கள்? அந்த விலையைக் காட்டி ஏஜென்சி கேட்டு வந்தவர்களிடம் அல்லவா பெரிய பணம் இருந்திருக்கிறது!

12-01-2021

2017 மே மாதமே ஜாமீனில் வந்த கோயல், இப்போது நொய்டாவில் மறுபடி கைது. இந்த முறை உலர்பழ வியாபாரம். பாதாம், முந்திரி மூட்டைகளை வாங்கி, நாற்பது சதவீதம் முன்பணம் கொடுத்து, மீதிக்குக் கொடுத்த காசோலைகள் திரும்பி வந்தன என்கிறது போலீஸ். 200 கோடியாம். வழக்கு என்ன ஆகும் என்பது கோர்ட்டின் வேலை.

நாளை மறுநாள் பொங்கல். வீட்டுக்காரிக்குச் செய்தியை வாசித்துக் காட்டினேன். “அதிருக்கட்டும், நம் வீட்டு முந்திரியை வாங்கி வந்தீர்களா?” என்றாள். மறந்தே போயிருந்தேன்.