மின்னணுப் பலகையை யாரிடம் ஒப்படைப்பது?

குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிந்து வானலை வழியே அனுப்பும் சிறு கருவி ஒன்றை நாங்கள் மூவர் சேர்ந்து வடிவமைத்தோம். மாதிரிக் கருவிகள் பத்தையும் எங்கள் மேசையிலேயே கையால் சால்டர் செய்து, அதாவது உருக்கிய உலோகக் கலவையால் பாகங்களைப் பற்றவைத்து முடித்தோம். அவை மாதக்கணக்கில் பழுதின்றி ஓடின. அந்தத் துணிவில் 600 கருவிகளைச் செய்து தரும் வேலையை ஓர் ஒப்பந்த உற்பத்தியாளரிடம் கொடுத்தோம். மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கி, குறைந்த தொகை சொன்னவரையே தேர்ந்தெடுத்தோம். வந்து சேர்ந்த கருவிகள் எங்கள் அறையில் நன்றாகவே வேலை செய்தன. கிடங்குக்குள், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸில், அவற்றுள் பெரும்பாலானவை தரவை அனுப்ப முயலும்போதெல்லாம் நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கின.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வாரங்கள் பிடித்தன. கருவிக்குள் பாகங்கள் அமரும் மின்னணுப் பலகையில், ரேடியோ சிப்புக்கு அருகில், மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் 10 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்று உண்டு. அனுப்பும் கணத்தில் ரேடியோ திடீரென்று இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கிக் கொடுப்பது அதன் வேலை. எங்கள் மாதிரிகளில் இருந்தது எக்ஸ்7ஆர் வகை. அது மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை தன் கொள்ளளவில் 15 விழுக்காட்டுக்கு மேல் மாறாது. தொழிற்சாலை வைத்ததோ ஒய்5வி வகை. அதன் வரையறுத்த வெப்பநிலை எல்லைக்குள்ளேயே, அதாவது மைனஸ் 30 முதல் 85 டிகிரிக்குள், கொள்ளளவு 82 விழுக்காடு வரை குறைய இடமுண்டு. குளிரில் பேட்டரியின் உள்தடையும் கூடிவிடுவதால், அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, கருவியை இயக்கும் சிப்பான மைக்ரோகண்ட்ரோலர் மீள்தொடக்கத்துக்குப் போயிற்று.

தொழிற்சாலை மீது கோபம் வந்தது உண்மைதான். ஆனால் நாங்கள் அனுப்பிய பாகப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, அந்த வரியில் "10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட், 0805, அல்லது இணையானது" என்றுதான் இருந்தது. மதிப்பும் மின்னழுத்தமும் அளவும் ஒன்றாக இருக்கும் ஒரு பாகத்தை அவர்கள் வாங்கி வைத்தார்கள். தாளின்படி அவர்கள் எதையும் மீறவில்லை. இந்தப் பலகை எங்கே வேலை செய்யப் போகிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நல்ல உற்பத்தியாளரை அவர் அனுப்பும் விலையைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது, விலை சொல்லுமுன் அவர் கேட்கும் கேள்விகளைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும் என்று நான் உறுதியாக நம்பத் தொடங்கியது அந்த நாளில்தான்.

இரண்டாம் முறை தேடியபோது, முதலில் எங்கள் ஆவணங்களைச் சரிசெய்தோம். ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளரின் பெயரும் முழுப் பாக எண்ணும், நாங்களே சோதித்து ஏற்றுக்கொண்ட மாற்றுப் பாகங்களும், மாற்றே கூடாத இடங்களில் அப்படியொரு குறிப்பும் பட்டியலில் ஏறின. பலகையின் செம்புத் தடங்களை அடுக்கு அடுக்காகக் காட்டும் கெர்பர் கோப்புகள், பாகங்கள் அமரும் இடங்களின் ஆயத்தொலைக் கோப்பு, பொருத்துதல் வரைபடம், சோதனை முறை ஆகியவற்றை ஒரே கட்டாக்கி, நான்கு நிறுவனங்களுக்கும் அதே கட்டை அனுப்பினோம். ஆளுக்கொரு விதமாக விவரம் கொடுத்துவிட்டு வரும் விலைகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. பாகங்களுக்கு எவ்வளவு, பொருத்தும் கூலி எவ்வளவு, சால்டர் பேஸ்டைத் தடவ உதவும் துளைத் தகடான ஸ்டென்சிலுக்கும் பலகையைப் பொருத்திச் சோதிக்கும் அமைப்பான சோதனை ஜிக்குக்கும் ஒருமுறை மட்டும் ஆகும் செலவு எவ்வளவு, இயந்திரத்தில் வீணாகும் பாகங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படியும் கேட்டோம். மொத்தத் தொகை ஒன்றை மட்டும் அனுப்பியவரை அப்போதே விலக்கிவிட்டோம்.

மீதி மூவரில் இருவர் விலை அனுப்பினர். ஒருவர் 23 கேள்விகள் அனுப்பினார். சென்சார் சிப்பின் அடியில் உள்ள வெப்பத் திட்டில் (திட்டு என்பது பாகம் ஒட்டும் செம்புப் பரப்பு) மூடப்படாத துளைகள் இருக்கின்றனவே, உருகிய சால்டர் அவற்றின் வழியே கீழே இறங்கிவிடாதா என்றது ஒரு கேள்வி. எல்.இ.டி.யின் துருவக் குறி வரைபடத்தில் ஒரு விதமாகவும் பலகையில் வேறு விதமாகவும் இருக்கிறதே, எது சரி என்றது இன்னொன்று. மின்னழுத்தம் சீர்ப்படுத்தும் பகுதியில் அளவியின் முனையை வைத்துப் பார்க்கும் டெஸ்ட் பாயிண்ட் ஒன்றுகூட இல்லாமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருந்தார்கள். என்னை அசையாமல் உட்காரவைத்தது பதினான்காவது கேள்வி: சால்டர் செய்த பலகைகளைத் திரவத்தில் கழுவுவது எங்கள் வழக்கம், ஆனால் இந்த ஈரப்பத உணரி திறந்த வாய் கொண்டது, கழுவினால் கெட்டுவிடும், எனவே, சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் கழுவத் தேவையில்லாத வகையாக உள்ள பேஸ்டைப் பயன்படுத்தலாமா? இதை எங்கள் பட்டியலிலிருந்து தாமாகவே, பாகத்தின் தகவல் தாளைத் திறந்து படித்து அறிந்திருந்தார்கள். முதல் தொழிற்சாலை ஒருவேளை கழுவியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அஞ்சினேன்.

அதன் பிறகும், அந்தக் கேள்விகளை அனுப்பியவர்களின் தொழிற்சாலையை நேரில் போய்ப் பார்க்காமல் முடிவெடுக்கவில்லை. தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் வேகமாகப் பாகம் வைக்கும் இயந்திரங்களையே காட்டுவார்கள். அவை எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். நான் முதலில் பார்க்க விரும்பியது சால்டர் பேஸ்ட் வைத்திருக்கும் குளிர்பெட்டியை. டப்பாக்களின் மேல் காலாவதித் தேதி இருக்கிறதா, வெளியே எடுத்த நேரம் எழுதப்பட்டிருக்கிறதா, அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் காத்திருக்கிறார்களா என்பதை ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்ளலாம். அடுத்து, ஈரம் உறிஞ்சும் சிப்கள். ஈர உணர்திறன் மூன்றாம் நிலை என்று குறிக்கப்பட்ட பாகத்தின் உறையைப் பிரித்துவிட்டால், 30 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் 168 மணி நேரத்துக்குள் அதைச் சால்டர் செய்தாக வேண்டும். தவறினால் முறைப்படி சூடேற்றி உலர்த்திய பிறகே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த ஈரம், பலகையைச் சூடாக்கிச் சால்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பில் ஆவியாகிச் சிப்பின் உடலைப் பிளந்துவிடும். அந்தப் பிளவு வெளியே தெரியாமலும் இருக்கலாம். கருவி வாடிக்கையாளரிடம் போய்ச் சில மாதம் ஓடிவிட்டு நிற்கும். அவர்களுடைய உலர் அலமாரியில் இருந்த ஒவ்வொரு சுருளிலும் உறை பிரித்த நாளும் நேரமும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. கணினியில் இருந்த பதிவை விட அந்தக் கையெழுத்து எனக்கு நம்பிக்கை தந்தது.

ரீஃப்ளோ அடுப்பின் அருகே நின்று, பலகையின் சூடு நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் வெப்பக் கோட்டை எங்கள் பலகைக்கென்று அளந்து எடுப்பீர்களா என்று கேட்டேன். ஈயம் கலந்த பழைய சால்டர் 183 டிகிரியில் உருகும். இப்போது பரவலாக உள்ள, வெள்ளீயமும் 3 விழுக்காடு வெள்ளியும் அரை விழுக்காடு செம்பும் கலந்த சால்டர் 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். உருகுவதற்குத் தேவையான சூட்டுக்கும் பாகங்கள் தாங்கக்கூடிய சூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி இதனால் சுருங்கிவிட்டது. கனமான செம்புத் தளம் உள்ள பலகைக்கும் மெல்லிய பலகைக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. பலகையில் வெப்ப உணரிகளை ஒட்டி அளந்து வைத்த கோடுகளை, வாடிக்கையாளர் பெயர்களை மறைத்து, அந்த மேற்பார்வையாளர் எடுத்துக் காட்டினார்.

பழுது பார்க்கும் மேசையில்தான் அதிக நேரம் நின்றேன். தவறே நடக்காத தொழிற்சாலை கிடையாது. ஒரு பலகையில் 1000 சால்டர் இணைப்புகள் இருந்து, பத்து லட்சம் இணைப்புக்கு 50 மட்டுமே பழுதாகிற அளவுக்கு வேலை சுத்தமாக இருந்தாலும், நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பலகைகளில் ஏதாவது ஒரு குறை இருக்கும். எங்கள் தேர்ச்சி விகிதம் நூற்றுக்கு நூறு என்று சொல்கிறவர் ஒன்று அளக்கவில்லை அல்லது மறைக்கிறார். ஆகவே குறை கண்டால் அதை எங்கே எழுதுகிறீர்கள், அந்த எழுத்து யாரிடம் போகிறது, அதனால் கடைசியாக எது மாற்றப்பட்டது என்று கேட்டேன். முந்தைய மாதம் ஒரு சிறு ரெசிஸ்டர் அடிக்கடி ஒரு முனையில் எழுந்து நின்றதையும், இரு திட்டுகளும் ஒரே சமயத்தில் சூடாகாததே காரணம் என்று கண்டு வாடிக்கையாளரிடம் பலகை வடிவத்தையே மாற்றச் சொன்னதையும் அங்கிருந்த பெண் விவரித்தார். எனக்கு வேண்டியது அந்த விவரிப்புதான்.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 இருப்பது நல்லது. மருத்துவக் கருவிக்கு ஐ.எஸ்.ஓ. 13485, வாகன உதிரிக்கு ஐ.ஏ.டி.எஃப். 16949 என்று துறைக்கு ஏற்றவற்றைக் கேட்க வேண்டும். அதைவிட முக்கியமானது, பாகங்கள் பொருத்திய பலகையில் எதை ஏற்கலாம் என்று வகுக்கும் ஐ.பி.சி.-ஏ-610 தரநிலையின் எந்த வகுப்புக்கு வேலை செய்ய வேண்டும் என்பதை நாமே எழுதிக் கொடுப்பது. சிறு சிப் பாகம் திட்டிலிருந்து பக்கவாட்டில் அதன் அகலத்தில் பாதி வரை விலகி நிற்பதை இரண்டாம் வகுப்பு ஏற்கும்; மூன்றாம் வகுப்பு கால் பங்குக்கு மேல் ஏற்காது. வகுப்பைச் சொல்லாமல் தரமான வேலை வேண்டும் என்று மட்டும் எழுதினால் இருவரும் வெவ்வேறு பலகையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

பாகங்களை யார் வாங்குவது என்பதில் எங்களுக்குள்ளேயே நீண்ட வாதம் நடந்தது. எல்லாவற்றையும் நாமே வாங்கிக் கொடுத்தால் எது பலகையில் ஏறுகிறது என்பது நம் கையில் இருக்கும். ஆனால் ஒரு சுருள் குறைந்தாலும் வரிசை நின்றுவிடும், பழியும் நம் மீது வரும். அவர்களே வாங்கினால் வேலை எளிது, ஆனால் எங்கிருந்து வாங்குகிறார்கள் என்பது நம் கையில் இராது. 2021இல் சிப் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களிடம் சரக்கு இல்லாமல் பலர் இடைத்தரகர்களிடம் போனார்கள்; பழைய சிப்பின் மேல் எழுத்தைச் சுரண்டிப் புதிய எழுத்துப் பதித்த போலிகள் அந்த வழியாகத்தான் நுழைகின்றன. இறுதியில், மைக்ரோகண்ட்ரோலர், ரேடியோ, உணரி ஆகிய மூன்றையும் நாங்களே வாங்கித் தருவது, மீதியை அவர்கள் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடம் மட்டும் வாங்கி ரசீதைக் காட்டுவது என்று முடிவு செய்தோம். எழுத்து மூலம் எங்கள் ஒப்புதல் பெறாமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது என்ற வரி ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் முறை அந்த வரி எங்கும் இல்லை.

உற்பத்தியாளரின் அளவு நம் அளவோடு பொருந்த வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். லட்சக்கணக்கில் ஒரே பலகையைச் செய்யும் இடத்தில் 600 பலகைக்காக வரிசையை நிறுத்தி இயந்திரத்துக்குப் பாகங்களை ஊட்டும் ஃபீடர்களை மாற்றுவது அவர்களுக்குச் சுமை. நம் வேலை எப்போதும் கடைசியில் நிற்கும். நாங்கள் தேர்ந்தவர்கள் வாரத்தில் பலமுறை வரிசையை மாற்றிப் பழகியவர்கள்.

முழு எண்ணிக்கைக்கு முன் 50 கருவிகளை மட்டும் செய்யச் சொன்னோம். முதல் பலகையில் ஒவ்வொரு பாகத்தையும் பட்டியலோடு ஒப்பிட்டு, அளக்கக்கூடியவற்றை அளந்து கையெழுத்திட்ட பிறகே மற்றவை ஓடின. சென்சார் சிப்பின் அடியில் உள்ள இணைப்பைக் கண்ணாலோ கேமராவாலோ பார்க்க முடியாது என்பதால் அவற்றை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். இனி ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் எட்டுக் கருவிகள் உறைபெட்டிக்குள் போகும்; மைனஸ் 25 டிகிரியில் ஓர் இரவு முழுவதும் தரவு அனுப்பிய பிறகே அந்தத் தொகுப்பு பெட்டியில் ஏறும். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவை எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னோம்.

கடைசியாக, ஸ்டென்சிலும் சோதனை ஜிக்கும் நாங்கள் பணம் கொடுத்துச் செய்தவை என்பதால் அவை எங்கள் உடைமை என்றும், உறவு முடிந்தால் மீந்த பாகங்களோடு எங்களிடம் திரும்ப வேண்டும் என்றும் எழுதினோம். இதைச் சொல்லும்போது அவர்கள் மனம் கோணுவார்களோ என்று தயங்கினேன். மறுநாள் ஜிக்கின் புகைப்படம் ஒன்று வந்தது. அதன் பக்கவாட்டில் எங்கள் நிறுவனத்தின் பெயரையும் வரிசை எண்ணையும் பொறித்த தகடு ஒன்று ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது.